உபேந்திரகிஷோர் ராய்: அச்சுக்கூடம் பக்கத் தொழிலா?

ஜூன் 3, காலை – பின்வரிசை

தமிழில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியைப் பற்றி யார் எழுதினாலும் ‘சத்யஜித் ராயின் தாத்தா’ என்று ஆரம்பித்து, ‘சந்தேஷ் என்ற சிறுவர் பத்திரிகை நடத்தினார்’ என்று முடித்துவிடுகிறார்கள். நடுவில் போனால் போகிறதென்று ஒரு வரி: ‘அச்சுக்கூடமும் வைத்திருந்தார்’. என் கணக்கில் அது வயிற்றுப்பாட்டுக்கு, எழுத்துதான் உயிர். குழந்தை எழுத்தாளரைப் பற்றிப் பேசும் இடத்தில் சிலர் பிளாக் (படம் அச்சடிக்கும் உலோகத் தகடு), கேமரா, ஹாஃப்டோன் (நிழலைப் புள்ளிகளாக மாற்றி அச்சடிக்கும் முறை) என்று இழுப்பது எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஜூன் 3, இரவு – அச்சுப்பிழை

தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். அச்சுக்கூடத்துக்கே காரணம் ஒரு குழந்தைப் புத்தகம்தான். 1890களில் அவர் சிறுவர்களுக்காக ராமாயணத்தை எழுதி, படமும் தானே வரைந்தார். அன்றைய வழக்கப்படி அந்தப் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். வந்து விழுந்ததைப் பார்த்தால் அவர் வரைந்த படம் அதில் இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மரச்செதுக்கில் ஓவியர் வரைந்தது நேராக அச்சுக்குப் போகாது. நடுவில் செதுக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். ஓவியர் தூரிகையால் மெல்லப் பூசிய நிழலை அவர் கோடு கோடாக மாற்றியாக வேண்டும், ஏனென்றால் எழுத்தச்சில் மை ஒன்று படும், இல்லை படாது, அரைகுறையாகப் படாது. கை தேர்ந்தவர் என்றால் கோட்டின் தடிமனை மாற்றி மாற்றி நிழலைக் காட்டிவிடுவார். கை தேராதவர் என்றால் சீதையின் கன்னத்தில் வைக்கோல் போர். முகபாவம் முதலில் போகும், பிறகு துணியின் மடிப்பு, கடைசியில் மிஞ்சுவது வெளிக்கோடு மட்டும்.

இதைப் பார்த்த பிறகுதான் 1895இல் லண்டன் பென்ரோஸ் கம்பெனியிடமிருந்து கேமரா முதலான சாமான்களைத் தருவித்து, கல்கத்தாவில் ‘யூ. ராய்’ என்று பிளாக் எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். ‘அண்ட் சன்ஸ்’ பின்னால் ஒட்டிக்கொண்டது. வயிற்றுப்பாட்டுக்கு என்றால் இதைவிடச் சுளுவான வழி நூறு இருந்தது ஐயா.

ஜூன் 4 – மூங்கில்பாலம்

சுளுவான வழி என்று அச்சுப்பிழை சொல்வது சரிதான். பிறந்தது மைமன்சிங் மாவட்டத்து மசுவா (இன்று வங்கதேசத்தில் கிஷோர்கஞ்ச் பக்கம்), 1863 மே மாதம். பெற்றோர் வைத்த பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயது வாக்கில் உறவினரான ஜமீன்தார் ஹரிகிஷோர் ராய் சௌத்ரி தத்தெடுத்து உபேந்திரகிஷோர் என்று பெயர் மாற்றினார். ஜமீன் வீட்டுப் பிள்ளை. பேசாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கல்கத்தாவுக்குப் படிக்கப் போனவர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார், துவாரகாநாத் கங்கூலியின் மகள் பிதுமுகியை மணந்தார். இந்தியாவின் முதல் பட்டதாரிப் பெண்களில் ஒருவரான டாக்டர் காதம்பினி கங்கூலி, பிதுமுகியின் சிற்றன்னை.

அண்ணன் சாரதாரஞ்சன் வங்காளத்தில் கிரிக்கெட்டைப் பரப்பியவர், தாடியும் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் மாதிரியே. கூடப் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள், தம்பி மகள் லீலா மஜும்தார் என்று இந்தக் குடும்பத்தில் சிறுவர்களுக்கு எழுதாதவர்களை எண்ணுவது சீக்கிரம் முடியும்.

ஜூன் 4, இரவு – பின்வரிசை

சரி, ராமாயணப் படம் கெட்டுப்போனது காரணம் என்றே வைத்துக்கொள்வோம். கருவி வாங்கினார், படம் நன்றாக வந்தது, கதை முடிந்தது. அதற்காக அவரை அச்சு விஞ்ஞானி என்பதெல்லாம் மிகை இல்லையா? லண்டனில் படித்துவிட்டு வந்தவர் இங்கே நடத்திக் காட்டினார், அவ்வளவுதானே?

ஜூன் 5 – அச்சுப்பிழை

லண்டனில் படித்தது மகன் சுகுமார். 1911இல் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகையில் போனார், லண்டனிலும் மான்செஸ்டரிலும் பயின்று 1913இல் திரும்பினார். அப்பா கடல் தாண்டவே இல்லை. புத்தகம் படித்து, கல்கத்தாவில் தன் வீட்டிலேயே சோதனை செய்து கற்றுக்கொண்டவர். வில்லியம் கேம்பிள் ஆசிரியராக இருந்த பென்ரோஸ் ஆண்டுமலரில் 1897 முதல் 1912 வரை அவருடைய கட்டுரைகள் வந்தன. திரையை எங்கே நிறுத்துவது, புள்ளி எப்படி உருவாகிறது, 60 பாகைத் திரை, லென்ஸில் பல துளைகளை மாற்றி மாற்றிப் போடுவது, இவைதான் தலைப்புகள். உலகத்து பிளாக் தொழிலாளிகள் வாங்கிப் படித்த மலர் அது.

‘கருவி வாங்கினார், படம் வந்தது’ என்கிறீர்களே, அந்தக் கருவி அப்படிப்பட்டதல்ல. எப்படி வேலை செய்கிறது என்று எழுதுகிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

ஹாஃப்டோனில் முக்கியமான சாமான் திரை. இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றிலும் அங்குலத்துக்கு 133 என்று நெருக்கமாகக் கோடு கீறி, கீறலில் கறுப்பு அடைத்து, ஒன்றின் கோடு மற்றதற்குச் செங்குத்தாக வரும்படி ஒட்டியிருப்பார்கள். கோட்டின் அகலமும் இடைவெளியும் சமம். கேமராவுக்குள் ஈரத் தகட்டுக்கு (வெளிச்சம் பதியும் மருந்து பூசி, ஈரமாகவே படமெடுக்கும் கண்ணாடி) முன்னால் இந்தத் திரை நிற்கும். ஆனால் தகட்டைத் தொடக் கூடாது, சில மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். லென்ஸிலிருந்து வரும் வெளிச்சம் திரையின் ஒவ்வொரு கட்டத்தின் வழியாகவும் நுழைந்து தகட்டில் ஒரு புள்ளியாக விழும். மூலப்படத்தில் வெளிச்சமான இடத்திலிருந்து வந்தால் நெகடிவில் புள்ளி பெருக்கும், இருண்ட இடம் என்றால் சிறுக்கும். நிழலும் வெளிச்சமும் புள்ளியின் பருமனாக மாறிவிடுகின்றன. மை படும், படாது என்ற எழுத்தச்சின் பிடிவாதத்துக்கு இதுதான் மாற்று.

எல்லாச் சிக்கலும் அந்தச் சில மில்லிமீட்டரில். திரை தகட்டோடு நெருங்கினால் கட்டங்களின் நிழல் அப்படியே விழுந்து, எங்கும் ஒரே அளவு புள்ளி, படம் வலைத்துணி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். தள்ளிப்போனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றில் ஒன்று கரைந்து எல்லாம் சாம்பல். சரியான தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு:

திரைத் தூரம் = திரையின் இடைவெளி × (லென்ஸிலிருந்து தகடு வரை உள்ள நீளம் ÷ லென்ஸ் துளையின் விட்டம்)

133 கோட்டுத் திரையில் ஒரு கோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்து 0.19 மி.மீ. இடைவெளி மட்டும் 0.095. லென்ஸிலிருந்து தகடு 900 மி.மீ., துளை 20 மி.மீ. என்றால் தூரம் ஏறக்குறைய 4.3 மி.மீ. இது 450 மி.மீ. லென்ஸில் படத்தை மூல அளவிலேயே எடுக்கும்போது. அதே படத்தைப் பாதியாகச் சுருக்கினால் கேமராவின் நீளம் 675 ஆகிவிடும், தூரம் 3.2க்கு இறங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டால் அடுத்த நெகடிவ் வீண்.

அக்காலத்து ஆபரேட்டர்கள் இதைக் கண்திட்டத்தில், ‘போன தடவை இங்கே வைத்தேன்’ என்ற ஞாபகத்தில் செய்தார்கள். உபேந்திரகிஷோர் கேட்டது: இது ஏன் இப்படி? கணக்காகச் சொன்னால் யாரும் செய்யலாமே? தூரத்தைக் காட்டும் ஒரு கருவியை அமைத்தார். பிறகு, கேமரா நீளம் மாறும்போது திரையும் தானே நகரும்படி செய்வது பற்றி எழுதினார்.

ஜூன் 5, பிற்பகல் – நாலுவரிநோட்டு

துளைகளை மாற்றுவது எதற்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஒரே துளையில் எடுத்தால் நடுத்தர நிழல் மட்டும் நன்றாக வரும். அதனால் ஒரே தகட்டில் இரண்டு மூன்று முறை வெளிச்சம் காட்டுவார்கள். சிறிய துளையில் ஒன்று, இருண்ட இடங்களுக்கு ஒரு ஊசிமுனைப் புள்ளியாவது கிடைக்க. இல்லாவிட்டால் தலைமுடி முழுக்க மைக் கட்டி. நடுத்தரத் துளையில் பெரும்பகுதி நேரம். பெரிய துளையில் கடைசியாகக் கொஞ்சம், வெளிச்சமான இடத்தில் புள்ளிகள் முனையோடு முனை ஒட்ட. துளையின் வடிவமே புள்ளியின் வடிவமாக விழும், ஊசித்துளைக் கேமராவில் சூரியன் விழுவது போல. சதுரத் துளை போட்டால் மூலைகள் சுத்தமாகச் சேரும். பல துளைகளைப் பற்றிய உபேந்திரகிஷோரின் கட்டுரை இந்த வேலையைப் பற்றியதுதான். சுகுமாரும் ஊசித்துளைக் கோட்பாட்டைப் பற்றி 1913இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார்.

ஜூன் 6 – அச்சுப்பிழை

நல்ல சேர்ப்பு. நெகடிவ் கிடைத்ததும் பாதி வேலைதான். செம்புத் தகட்டில் மீன்பசையும் அமோனியம் பைகுரோமேட்டும் கலந்து பூசி, சுழற்றிக் காயவைத்து, நெகடிவை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்துப் பசை நீரில் கரையாது, படாத இடம் கழுவினால் போய்விடும். பிறகு தகட்டைச் சூடாக்கி, பசை சாக்லேட் நிறம் வரும்வரை சுட வேண்டும். குறைந்தால் அமிலத்தில் உரியும், கூடினால் கருகிப் பொடிந்துபோகும். அடுத்து பெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிப்பு. அரித்த தகட்டை மரத்தில் ஆணியடித்து, எழுத்தின் உயரத்துக்கு, அதாவது 0.918 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் பிளாக் தயார்.

இதைக் கல்கத்தா வெயிலில் செய்து பார்க்க வேண்டும். ஈரத்தகட்டில் ஊற்றிப் பூசும் கொல்லோடியன் கரைசலில் உள்ள ஈதர் ஊற்றும்போதே ஆவியாகி, தகட்டின் ஒரு மூலை காய்ந்துவிடும். ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவவில்லை என்றால் ஈரத்தகடு செத்தது. பைகுரோமேட் பூசிய செம்பு, மழைக்காலப் புழுக்கத்தில் வெளிச்சமே படாமல் இருட்டிலும் கெட்டிப்படும். கழுவினால் கரையாமல் மங்கலாக ஒரு படலம் நிற்கும், அரிப்பு ஏறாது. அதனால் பூசிய அன்றே, முடிந்தால் பூசிய மணி நேரத்திலேயே முடிக்க வேண்டும். அரிக்கும் கரைசலோ சூட்டில் வேகம் கூடி, லண்டன் கையேடு சொல்லும் நிமிடக் கணக்கில் விட்டால் சிறு புள்ளிகளைத் தின்றுவிடும். பசையும் வெல்லப்பாகும் சேர்த்து வார்த்த மை உருளைகள் சித்திரையில் இளகும். லண்டன் புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்தவருக்கு இங்கே ஒன்றும் வேலைக்காகாது. அதனால்தான் ‘ஏன்’ என்று தெரிந்தவருக்கு மட்டும் கைகூடியது.

ஜூன் 6, இரவு – பின்வரிசை

ஒப்புக்கொள்கிறேன், மனிதர் சாமானியர் இல்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கும் கதைக்கும் என்ன? பெர்ரிக் குளோரைடு தெரிந்ததால் டுன்டுனிக் குருவி நன்றாகப் பேசியதா?

ஜூன் 8 – அச்சுப்பிழை

அந்தக் குருவியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய கதைப் புத்தகம் ‘டுன்டுனிர் போய்’ (டுன்டுனியின் புத்தகம்) 1910இல் வந்தது. டுன்டுனி நம் ஊரில் தையல்சிட்டு என்கிறோமே, அதுதான்.

முன்னுரையில் அவர் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். சாயங்காலம் குழந்தைகள் சாப்பிடாமலே தூங்கப் பார்க்கும்போது, கிழக்கு வங்கத்தின் சில பகுதிகளில் பெண்கள் இந்தக் கதைகளைச் சொல்லி அவர்களை விழித்திருக்க வைப்பார்களாம். இதைப் படிக்காமல் இந்தப் புத்தகத்தைப் படித்தால் பாதி புரியாது. இவை தாலாட்டுக் கதைகள் அல்ல. உலையில் சோறு வெந்துகொண்டிருக்கிறது, பிள்ளை கண் சொருகுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு வருணனை உதவாது. அடுத்தது என்ன என்று கேட்க வைக்கும் குட்டி வாக்கியமும், திரும்பத் திரும்ப வரும் பாட்டும்தான் உதவும்.

ராஜாவும் டுன்டுனியும் கதையைப் பாருங்கள். ராஜா காசை வெயிலில் காயப்போட்டிருக்கிறார். ஒரு காசு தவறிப்போகிறது. குருவி அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய், ராஜா வீட்டில் உள்ள செல்வம் என் வீட்டிலும் இருக்கிறது என்று பாடுகிறது. ராஜா பறிக்கச் சொல்கிறார்: ராஜா ஏழை, என் காசை எடுத்துக்கொண்டார் என்கிறது. திருப்பிக் கொடுக்கிறார்: பயந்துவிட்டார் என்கிறது. பிடித்து வறுக்கச் சொல்கிறார். ஏழு ராணிகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கும்போது பறந்துபோகிறது, ராணிகள் பயந்து தவளையை வறுத்து வைக்கிறார்கள். ராஜா தின்கிறார். குருவி சும்மா இருக்குமா? போட்டுக்கொடுக்கிறது. ராணிகளின் மூக்கு போகிறது. கடைசியில் ராஜா குருவியை உயிரோடு விழுங்குகிறார், ஏப்பத்தோடு அது வெளியே வந்துவிடுகிறது. மறுபடி பிடித்து விழுங்கி, வெளியே வந்தால் வெட்டு என்று வாளோடு சிப்பாயை நிறுத்துகிறார். வாந்தியோடு குருவி வருகிறது, சிப்பாய் அவசரத்தில் வெட்டுகிறான், விழுவது ராஜாவின் மூக்கு.

எத்தனை திருப்பம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு காட்சி. ராஜா என்ன உடுத்தியிருந்தார், தோட்டம் எப்படியிருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. அதையெல்லாம் படத்தில் அவரே வரைந்துவிடுவார், அவரே பிளாக் எடுத்துவிடுவார், வரைந்தது வரைந்தபடி வரும் என்ற நிச்சயம் உண்டு. படம் கெட்டுவிடும் என்று பயப்படுகிற எழுத்தாளர்தான் எல்லாவற்றையும் வாக்கியத்தில் திணிப்பார். இது என் வாசிப்பு, அவர் இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஜூன் 8, இரவு – மூங்கில்பாலம்

வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குருவிக் கதையின் சிக்கனம் பிளாக்கால் வந்தது என்பதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். வாய்மொழிக் கதைக்கே அந்தச் சிக்கனம் உண்டு. மைமன்சிங் பாட்டிகள் யாரும் கேமரா வைத்திருக்கவில்லை. உபேந்திரகிஷோரின் சாமர்த்தியம் எழுதும்போது அதைக் கெடுக்காமல் விட்டது. அந்தக் காலத்து வங்காள உரைநடை என்றால் சாது நடை, நம் பண்டிதத் தமிழ் மாதிரி. டுன்டுனி கதைகள் பேச்சு நடையில் போகின்றன. பேச்சு நடைக்குக் கொடி பிடித்த ‘சபுஜ் பத்ரா’ பத்திரிகை வந்தது 1914இல். அதற்கு நான்கு வருடம் முன்பே இவர் சத்தமில்லாமல் செய்துவிட்டார். குழந்தைப் புத்தகம்தானே என்று பண்டிதர்கள் எட்டிப் பார்க்காதது வசதி.

ஜூன் 9 – அச்சுப்பிழை

பாட்டிகள் விஷயத்தில் மூங்கில்பாலம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் வாதத்தை இடம் மாற்றுகிறேன்: கதையைவிட ‘சந்தேஷ்’ பத்திரிகையில் இது பளிச்சென்று தெரியும். முதல் இதழ் 1913 ஏப்ரல், வங்காள ஆண்டு 1320 பைசாக் (நம் சித்திரை). எழுதுவது, வரைவது, பிளாக் எடுப்பது, அச்சடிப்பது எல்லாம் ஒரே இடத்தில். கொஞ்ச காலத்தில் கார்ப்பார் ரோடு 100ஆம் எண்ணில் தானே திட்டமிட்டுக் கட்டிய வீட்டுக்கு எல்லாம் போயிற்று. குடும்பமும் அங்கேதான். எழுதுகிறவருக்கும் அச்சடிக்கிறவருக்கும் நடுவே படிக்கட்டு ஒன்றுதான்.

இதன் விளைவு பக்கத்தில் தெரியும். பேனாக் கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக் போதும். துத்தநாகத் தகடு, நைட்ரிக் அமிலம், எழுத்தோடு சேர்த்துப் பூட்டிச் சாதாரணக் காகிதத்திலேயே அடிக்கலாம், செலவு குறைவு. நிழல் உள்ள படத்துக்கு 133 கோட்டு ஹாஃப்டோன் என்றால் வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டும். சொரசொரப்பான காகிதத்தில் அடித்தால் புள்ளிக்கு நடுவே மை அடைத்துக்கொண்டு முகம் கறுக்கும். கரடான காகிதம் என்றால் 65, 85 என்று அகலத் திரைக்கு இறங்க வேண்டும், நுணுக்கம் போகும். அதனால் ஹாஃப்டோன் படம் தனித்தாளில் அடித்து இடையில் ஒட்டப்படும், கோட்டுப்படம் கதைக்கு நடுவிலேயே எட்டிப்பார்க்கும். எந்தக் கதைக்கு எது என்று வரையும்போதே தெரிந்த ஆசிரியர்குழு உலகத்திலேயே எத்தனை இருந்திருக்கும்?

ஜூன் 9 – நாலுவரிநோட்டு

இந்த இடத்தில் சுகுமாரைக் கொண்டுவராமல் முடியாது. அவருடைய வினோத மிருகங்கள், வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டியது, யானையும் திமிங்கிலமும் ஒட்டியது, எல்லாம் கோட்டுப்படம். நிழல் கிடையாது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது, ஒரே கோடு வாத்தில் தொடங்கி முள்ளில் முடியும். ஹாஃப்டோனில் உலக அளவில் பேர் வாங்கிய வீட்டுப் பிள்ளை ஹாஃப்டோன் தேவைப்படாத படமாக வரைந்தது வேடிக்கைதான். ஆனால் பாட்டுக்குப் பக்கத்திலேயே, எழுத்தோடு எழுத்தாகப் படம் உட்கார அது ஒன்றுதான் வழி.

ஜூன் 10 – பின்வரிசை

சந்தேஷை ஆரம்பித்தது சுகுமார் என்று ஒரு இணையக் கட்டுரையில் படித்தேனே?

ஜூன் 10 – மூங்கில்பாலம்

இல்லை. ஆரம்பித்தது அப்பா. 1915 டிசம்பர் 20இல் 52 வயதில் நீரிழிவில் போய்ச்சேரும் வரை ஆசிரியரும் அவரே. இன்சுலின் வர இன்னும் ஆறேழு வருடம் இருந்தது. கூபி – பாகா என்ற இருவரைப் பற்றிய அவருடைய கதை அதே 1915இல்தான் சந்தேஷில் வந்தது. அப்புறம் சுகுமார், 1923 வரை. அவருக்குக் காலா அசார் என்ற கொடிய காய்ச்சல். கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபடியே ‘ஆபோல் தாபோல்’ என்ற வேடிக்கைப் பாட்டுத் தொகுப்புக்கு மாதிரிப் பிரதி தயாரித்தார், எந்தப் பாட்டு எந்தப் பக்கம், அட்டை எப்படி, காலியிடத்தில் எந்தக் குட்டிப்படம் என்பதுவரை. 1923 செப்டம்பர் 10இல் இறந்தார், வயது 35. புத்தகம் வந்தது செப்டம்பர் 19இல். அதே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்த நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார், ஆனால் அது இன்னும் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

பிறகு தம்பி சுபினய் கொஞ்ச காலம் இழுத்தார். கம்பெனி நொடித்தது, வீடும் போயிற்று. 1931இல் சந்தேஷ் மறுபடி வந்து சில வருடத்தில் நின்றது. 1961 மே மாதம் சத்யஜித் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் சேர்ந்து மூன்றாவது முறை தொடங்கினார்கள். பத்திரிகைக்குக் கதை வேண்டுமே என்று சத்யஜித் எழுத ஆரம்பித்ததில்தான் 1961இல் விஞ்ஞானி பேராசிரியர் ஷொங்கு என்ற கதாபாத்திரம் வந்தார், 1965இல் துப்பறியும் ஃபெலுதா வந்தார். ‘தொடர்ந்து நூறு வருடம் வந்த பத்திரிகை’ என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

ஜூன் 11 – அச்சுப்பிழை

சத்யஜித் சின்ன வயதைப் பற்றி எழுதியதில் கார்ப்பார் ரோடு அச்சுக்கூடம் வருகிறது. கேமரா பொறுப்பில் இருந்த ஊழியர் பையனைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியில் தலைகீழாக விழும் படத்தைக் காட்டுவாராம். பையன் தாளில் எதையாவது கிறுக்கிக் கொண்டுபோய் ‘இது சந்தேஷுக்கு’ என்பானாம், அவரும் ஆகட்டும் என்று தலையாட்டுவாராம். பையனுக்கு அப்பா நினைவில் பெரிதாக இல்லை, இரண்டரை வயது ஆகுமுன் போய்விட்டார். டர்பன்டைன் வாடை நினைவில் இருந்தது.

ஜூன் 11, இரவு – நாலுவரிநோட்டு

கொஞ்சம் தடம் மாறுகிறேன். கூபி – பாகாவை 1969இல் படமாக எடுத்தபோது, பேய்களின் நடனத்தில் ராய் நம் தாளவாத்தியக் கச்சேரியைக் கொண்டுவந்தார். நாலு வகைப் பேய். ராஜாப் பேய்களுக்கு மிருதங்கம், சாதாரணக் குடியானவப் பேய்களுக்குக் கஞ்சிரா, வெள்ளைக்காரப் பேய்களுக்குக் கடம், குண்டுப் பேய்களுக்கு மோர்சிங். ராகமே கிடையாது, தாளம் மட்டும். பேய்க்கு எந்த ஊர் ராகம் போடுவது என்ற பிரச்சினையே இல்லாமல் போயிற்று. தஞ்சாவூர்க்காரர்கள் ராயல்டி கேட்கலாம்.

கதையை எழுதிய தாத்தாவும் சங்கீதக்காரர்தான். வயலின், பக்வாஜ் (வடநாட்டு மத்தளம்) இரண்டும் வாசிப்பார். ஆர்மோனியம் கற்றுக்கொள்ளப் புத்தகம் எழுதியவர். பாட்டே வராதவன் பாடகனாகும் கதை அவர் கையில் வந்ததில் ஒரு குறும்பு இருக்கிறது.

ஜூன் 13 – பின்வரிசை

பழைய சந்தேஷ் பக்கங்களை இணைய நூலகங்களில் பார்த்தேன். கோட்டுப்படங்கள் அருமை. ஹாஃப்டோன் படங்கள் எல்லாம் அலை அலையாகக் கட்டம் போட்டுத் தெரிகின்றன. இதையா உலகத்தரம் என்கிறீர்கள்?

ஜூன் 13 – அச்சுப்பிழை

அது பிளாக்கின் குற்றமல்ல, ஸ்கேனின் குற்றம். 133 கோட்டுப் புள்ளிவரிசையை ஸ்கேனரின் சொந்தக் கட்டம் வெட்டும்போது மூன்றாவதாக ஒரு அலை எழும். வண்ண அச்சிலும் இதே பேய்தான். மூன்று நிறத் திரைகளை ஒரே கோணத்தில் வைத்தால் பூப்போட்ட சேலை ஆகிவிடும், அதனால் ஒன்றுக்கொன்று 30 பாகை திருப்புவார்கள்.

பழைய பிரதி கையில் இருந்து நீங்களே ஸ்கேன் செய்வதானால் இப்படி:

– தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். வெள்ளை வைத்தால் மறுபக்க எழுத்து தெரியும்.

– கோட்டுப்படம் 1200 டிபிஐ, தூய கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறத்தில் எடுத்துச் சுருக்கினால் கோட்டின் ஓரம் பிசிறும்.

– ஹாஃப்டோன் 600 டிபிஐ, சாம்பல் நிறம். 133 கோட்டுக்கு ஒரு புள்ளி நாலரை பிக்சல் வரும். 200இல் எடுத்தால் ஒன்றரை பிக்சல், அலை நிச்சயம்.

– ஸ்கேனரின் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

– பிறகு இரண்டு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, 300க்குச் சுருக்கி, கடைசியில் லேசாகக் கூர்மையாக்கினால் போதும். அலை இன்னும் இருந்தால் தாளை 10, 15 பாகை சாய்த்து ஸ்கேன் செய்து கணினியில் நிமிர்த்துங்கள்.

ஜேபெக் வேண்டாம், டிஃப் ஆக வையுங்கள். புள்ளிகளை ஜேபெக் கடித்துக் குதறிவிடும்.

ஜூன் 14 – மூங்கில்பாலம்

தமிழாக்கம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: உபேந்திரகிஷோர், சுகுமார் இருவர் எழுத்துக்கும் படத்துக்கும் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சத்யஜித்துக்கு அப்படியல்ல. 1992இல் இறந்தவர், இந்தியச் சட்டப்படி 60 வருடம், 2052 முடியும்வரை உரிமை உண்டு. அதேபோல இவர்களின் கதைகளுக்கு ஏற்கெனவே வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு அந்த மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. அதிலிருந்து தமிழில் செய்தால் அவரிடம் கேட்க வேண்டும். வங்காளம் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு மூலத்திலிருந்து செய்வது எல்லா வகையிலும் மேல்.

ஜூன் 15 – பின்வரிசை

பக்கத் தொழில் என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம். 4.3 மி.மீ. என்று கணக்கு போட்டீர்களே, திரையின் கறுப்புக் கோடு இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் அல்லவா இருக்கிறது? கண்ணாடியின் தடிமனையும் சேர்த்தா அளப்பது?

ஜூன் 15, இரவு – நாலுவரிநோட்டு

சேர்த்துத்தான், ஆனால் முழுசாக அல்ல. கண்ணாடிக்குள் வெளிச்சம் வளைவதால் அதன் தடிமனில் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கில் வரும். தகட்டின் பக்கமுள்ள கண்ணாடி 3 மி.மீ. என்றால் 2 என்று எண்ணுங்கள். 4.3 வேண்டுமானால் கண்ணாடியின் முகத்துக்கும் ஈரத்தகட்டுக்கும் நடுவே 2.3 மி.மீ. காற்று. அதற்கும் கீழே போனால் தகட்டிலிருந்து சொட்டும் வெள்ளி நைட்ரேட் திரையில் பட்டுவிடும். அந்தக் காலத்தில் திரைதான் பிளாக் கூடத்தின் விலையுயர்ந்த சாமான்களில் ஒன்று.